மருந்து மாறிப் போனால் மெமோ யாருக்கு?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தங்கை ஸ்டாஃப் நர்ஸ். பகல் டியூட்டி முடிகிற நேரத்தில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வரவில்லை. "இன்றைக்கு மட்டும் பார்த்துக்கோம்மா" என்று நிற்க வைத்துவிட்டார்கள். 14ஆவது மணி நேரத்தில் ஒரு நோயாளியின் சென்ட்ரல் லைனை, அதாவது பெரிய ரத்தக்குழாயில் போட்டிருக்கும் குழாயை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் விட்டு ஃப்ளஷ் செய்ய (அலசிவிட) வேண்டியிருந்தது. கைக்கு வந்தது இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி). சற்று நேரத்தில் நோயாளிக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. சர்க்கரை அளவைப் பார்த்து, நடந்தது என்ன என்று தானே கண்டுபிடித்து, டியூட்டி டாக்டரிடம் தானே போய்ச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி ஆளைத் தேற்றியும் விட்டார். மறுநாள் காலை மெமோ, மாலை சஸ்பென்ஷன். "பணிச்சுமை என்பதெல்லாம் சாக்கு. உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் கவனம் வேண்டாமா?" என்று நிர்வாகம் கேட்கிறது. அது நியாயம்தானே என்று வீட்டிலேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். அப்படியானால் பொறுப்பு யாருடையது என்பது உங்கள் கேள்வி.

நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். கடைசி 9 வருடம் நர்சிங் சூப்பரின்டெண்ட். என்கொயரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றும் இருக்கிறேன், இந்தப் பக்கம் உட்கார்ந்தும் இருக்கிறேன்.

தங்கைக்குப் பொறுப்பு உண்டு. வயலின் லேபிளைப் படிப்பது அவர் வேலை. அவருக்காக வேறு யாரும் படித்துத் தர முடியாது. ஆனால் ஒரு நர்ஸிடம் தவறு நடந்தபின் கேட்கக்கூடிய பெரிய பொறுப்பு எதுவோ, அதை அவர் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்ன நிமிடத்திலேயே நிறைவேற்றிவிட்டார். இன்னும் நிறைவேறாமல் கிடப்பது மற்றவர்களுடைய பங்கு. மெமோ கொடுத்ததோடு அந்தப் பங்கைப் பற்றிப் பேச்சே எழாமல் போய்விடுகிறது என்பதுதான் என் மனத்தாங்கல்.

இன்சுலினும் ஹெப்பாரினும் மாறிப்போவது உங்கள் தங்கையிடம் தொடங்கிய தவறு இல்லை. மருந்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ஜோடி அது. இரண்டும் சிறிய கண்ணாடி வயல். இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். இரண்டுக்கும் அளவு மில்லிகிராமில் வராது, யூனிட் கணக்கில் வரும். இரண்டும் அடிக்கடி தேவைப்படுவதால் நர்சிங் ஸ்டேஷனில் ஒரே டிரேயில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கும். இப்படி ஒரு டிரேயை வைத்துவிட்டு "கவனமாக இரு" என்று சொல்வது, மாடிப்படியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு "பார்த்து நட" என்று சொல்வதுதான்.

கவனம் என்ற சொல்லை வெளியில் இருப்பவர்கள் சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு காலை ரவுண்டை எடுத்துக்கொள்வோம். 28 நோயாளிகள், ஆளுக்குச் சராசரியாக 5 மருந்து. மொத்தம் 140. ரவுண்டுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் என்றால் ஒரு மருந்துக்கு 40 விநாடி கூட வராது. அந்த 40 விநாடிக்குள்தான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் பார்த்து, உடைத்து, லோட் செய்து, ஏர் போக்கி, கேனுலா (நரம்பில் செருகியிருக்கும் ஊசிக்குழாய்) அடைத்திருக்கிறதா என்று பார்த்து, போட்டு, சார்ட்டில் எழுதி, கையைத் துடைத்து அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். இடையில் "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு", "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்", லேபிலிருந்து போன், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள்.

இந்த இடையூறுகளை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். சிட்னியில் 2 மருத்துவமனைகளில் 98 நர்ஸ்கள் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் மருந்து கொடுத்ததில் பாதிக்கு மேல் நடுவில் யாரோ குறுக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு சுமார் 12 சதவீதம் கூடியது. குறுக்கீடு கூடக் கூடத் தவறின் தீவிரமும் கூடியது.

வேலை நேரத்தைப் பற்றி: அமெரிக்க நர்ஸ்களைத் தினமும் குறிப்பேடு எழுத வைத்து 2004இல் வெளியான ஆய்வில், 12.5 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்த ஷிஃப்ட்டுகளில் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடைய நிலைக்கு வந்துவிடுகிறது என்பது 1990களிலிருந்தே சோதித்துச் சொல்லப்பட்ட விஷயம். குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். தூங்காதவரை நாமே வாசலை அடைத்து நிற்க வைக்கிறோம்.

ஆள் எண்ணிக்கைக்கு வந்தால், லிண்டா ஐக்கன் என்ற நர்சிங் ஆராய்ச்சியாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டுவது. அறுவை சிகிச்சை நோயாளிகளில், ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. 2014இல் 9 ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7. ஆகவே, பணிச்சுமை என்பது சாக்கு என்று எழுதிய அதிகாரியிடம் உங்கள் தங்கை கோபப்பட வேண்டியதில்லை. பணிச்சுமையால் நோயாளி சாகிறார் என்பது அளந்து பார்த்த விஷயம் என்று மட்டும் சொல்லலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கோணம் இருக்கிறது. லூசியன் லீப் என்ற மருத்துவரின் குழு 1995இல் மருந்துத் தவறுகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று பிரித்துப் பார்த்தது. 39 சதவீதம் டாக்டர் எழுதும்போது. 38 சதவீதம் நர்ஸ் கொடுக்கும்போது. மீதி படியெடுப்பதிலும் மருந்தகத்திலும். ஏறக்குறைய சமம். ஆனால் டாக்டர் எழுதியதில் நேர்ந்த தவறுகளில் கிட்டத்தட்ட பாதி நோயாளியை எட்டுவதற்குள் பிடிபட்டுவிட்டன. பிடித்தவர்களில் பெரும்பாலோர் நர்ஸ்கள். நர்ஸ் கொடுக்கையில் நேர்ந்த தவறில் பிடிபட்டது 2 சதவீதம். காரணம் எளிது. டாக்டருக்குப் பின்னால் மருந்தகம் நிற்கிறது, அதற்குப் பின்னால் நர்ஸ் நிற்கிறார். நர்ஸுக்குப் பின்னால் நோயாளியின் நரம்புதான். நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை மருந்துச் சீட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய் "சார், இந்த டோஸ் சரியா?" என்று கேட்டிருப்போம்! அதற்கு எந்த ரிஜிஸ்டரும் கிடையாது. தவறவிட்ட ஒன்றுக்கு மட்டும் ஃபைல் திறக்கிறார்கள்.

"டபுள் செக் இருக்கிறதே, இரண்டு நர்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமே" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். இருக்கிறது. சூப்பரின்டெண்டாக நான் பார்த்த ரிஜிஸ்டர்களில் பாதியில் இரண்டாவது கையெழுத்து வரிசையாக 12 இடத்தில் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். ஷிஃப்ட் முடியும்போது ஒரே மூச்சில் போட்டது. அந்தப் பெண்ணைத் திட்டினேனா? முதல் தடவை திட்டினேன். அப்புறம் டியூட்டி ரோஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அந்த ஷிஃப்ட்டில் இரண்டாவது நர்ஸே இல்லை. வேறு வார்டிலிருந்து வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த ரோஸ்டரின் அடியில் இருந்தது என் கையெழுத்து.

உங்கள் தங்கையின் கதைக்கு மிக அருகில் வருகிற வழக்கு ஒன்று உண்டு. 2006 ஜூலை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் முதல் நாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்து 16 மணி நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனையிலேயே படுத்து எழுந்து, காலையில் மறுபடி டியூட்டி ஏறினார். பிரசவத்துக்கு வந்த 16 வயதுப் பெண்ணுக்கு நரம்பில் ஏற்ற வேண்டியது பென்சிலின். ஏறியது, முதுகுத்தண்டில் எபிடியூரலாகப் போக வேண்டிய மரப்பு மருந்து. அந்தப் பெண் இறந்துபோனாள். குழந்தையை அறுவை செய்து காப்பாற்றினார்கள். நர்ஸ் மீது கடுங்குற்ற வழக்கே போட்டார்கள். பிறகு சிறு குற்றங்களாகக் குறைத்து முடித்தார்கள்.

அந்த நர்ஸிடம் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்த பாதுகாப்பு முறைகளை அவர் தாண்டியிருக்கிறார். ஆனால் எபிடியூரல் பையின் குழாய் நரம்பு லைனில் ஏன் கச்சிதமாகப் பொருந்தியது என்ற கேள்வியை ஒரு நீதிமன்றமும் யாரையும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை. கேட்டவர்கள் பொறியாளர்கள். முதுகுத்தண்டு மருந்துக்கான இணைப்பு நரம்பு லைனில் நுழையவே முடியாதபடி வடிவமைக்கும் சர்வதேசத் தரம், ஐஎஸ்ஓ 80369இன் 6ஆம் பகுதி, 2016இல் வெளிவந்தது. அந்த இணைப்பு வந்த இடத்தில், 16 மணி நேரம் பார்த்த நர்ஸ் அரைத் தூக்கத்தில் மாட்டப் போனாலும் அது மாட்டாது. அந்தப் பெண்ணுக்குப் பத்து வருடம் பிந்தி வந்தது.

சரி, அப்படியானால் எந்த நர்ஸையும் எதற்கும் தண்டிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

டேவிட் மார்க்ஸ் என்பவர் 2001 வாக்கில் ஒழுங்குபடுத்திச் சொன்ன ஒரு பிரிவு இப்போது உலகம் முழுக்கப் புழங்குகிறது. கை தவறுவது ஒன்று. எல்லோரும் எடுக்கிற குறுக்குவழியைத் தானும் எடுப்பது இரண்டு. ஆபத்து என்று தெரிந்தே துணிவது மூன்று. முதலாவதற்கு ஆறுதல், இரண்டாவதற்குத் திருத்தம், மூன்றாவதற்குத் தண்டனை. கேட்க நன்றாக இருக்கிறது. என்கொயரி மேசையில் உட்கார்ந்தால் எல்லாமே இரண்டாவது பெட்டியில் வந்து விழும். குறுக்குவழி எடுக்காமல் அந்த வார்டை ஓட்டவே முடியாது என்பது மேசையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்; ஓட்டும்போது "கெட்டிக்காரப் பெண்" என்று பாராட்டியவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

மூன்றாவது பெட்டியில் நான் ஒருத்தியைப் போட்டிருக்கிறேன். இரவு முழுக்க 4 மணிக்கொரு தடவை பார்க்க வேண்டிய பிபி, பல்ஸ், டெம்பரேச்சர் எல்லாம் சார்ட்டில் அழகாக எழுதியிருந்தது. காலை 6 மணி ரீடிங்கும் இருந்தது, பிபி 120க்கு 80 என்று. அந்த நோயாளி அதிகாலை 5 மணிக்கே ஐசியூவுக்குப் போய்விட்டார். படுக்கையில் ஆளே இல்லை. முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் தலையில் 40 பேர் என்பது எனக்குத் தெரியும். 40 பேருக்குப் பார்க்க முடியவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று காலியாக விட்டிருக்கலாம். அந்தக் காலி இடத்தைப் பார்த்து டாக்டராவது பதறியிருப்பார். இல்லாத எண்ணை எழுதினால் அடுத்து வருகிற எல்லோருடைய கண்ணையும் கட்டியது மாதிரி. அவளுக்கு இன்கிரிமென்ட் நிறுத்தும்படி எழுதியது நான்தான். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. போதை மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளிக்கு உப்புத் தண்ணீர் போடுவது, குடித்துவிட்டு வருவது, தவறை மறைக்க சார்ட்டைத் திருத்துவது, இவற்றுக்கெல்லாம் பணிச்சுமை விளக்கம் கிடையாது.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு யோசிக்க வைக்கிற வழக்கு ரடோண்டா வாட் என்ற அமெரிக்க நர்ஸுடையது. 2017 டிசம்பர் 26, டென்னசியின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. ஸ்கேனுக்குப் போகும் 75 வயது நோயாளியின் பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்தை எடுக்கப் போனார். கணினி வழியாகத் திறக்கும் மருந்து அலமாரி. பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். அந்த மருந்து பட்டியலில் மிடாசோலம் என்ற பொதுப்பெயரில் இருந்ததால் வெர்செட் என்று வரவில்லை. அலமாரியின் தடையைத் தாண்டித் திறக்கும் ஓவர்ரைடு போட்டு மறுபடி தேடினார். வந்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சை நிறுத்தும் மருந்து. வெர்செட் திரவம், வெக்குரோனியம் கரைக்க வேண்டிய தூள். மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று கவனிக்கவும் இல்லை. அவர் தாண்டிய எச்சரிக்கைகளை எண்ணும்போது எனக்கே அடிவயிறு கலங்குகிறது. லைசென்ஸ் போனதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மீதிக் கதையையும் கேளுங்கள். தவறு தெரிந்த அன்றே அவர் ஒப்புக்கொண்டார். ஓவர்ரைடு போடாமல் அந்த நாட்களில் வேலையே நடக்காது என்று வழக்கில் சொன்னார். மருத்துவமனை, மருந்து மாறியதை மரண விசாரணை அதிகாரியிடம் சொல்லவில்லை. மரணம் இயற்கை என்று பதிவானது. குடும்பத்தோடு வெளியில் பேசி முடித்துக்கொண்டார்கள். அரசு அமைப்புக்கும் தகவல் போகவில்லை. பெயர் சொல்லாத ஒருவரின் புகாரால்தான் 2018இல் ஆய்வாளர்கள் வந்தார்கள். கடைசியில் 2022 மார்ச்சில் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னது நர்ஸை. மே மாதம் 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. மறைத்தவர்கள் மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னவர் கூண்டில், சொல்லாதவர்கள் வெளியே. அதைப் பார்த்த நர்ஸ்கள் அன்று என்ன பாடம் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான் படித்த பாடத்தைச் சொல்கிறேன். இதை இதற்கு முன் எழுதியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம். நைட் டியூட்டி, மணி இரண்டே முக்கால் இருக்கும். ஆன்டிபயாடிக் பவுடர் வயலைக் கரைக்க டிஸ்டில்ட் வாட்டர் எடுக்க வேண்டும். டிரேயில் 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருகி, உறிஞ்சி, வயலில் விட்டுக் குலுக்கினேன். சரியாகக் கரைந்தது. கட்டிலுக்குப் போய் கேனுலாவில் மாட்டி மெதுவாகத் தள்ளத் தொடங்கினேன். ஒரு மில்லி கூடப் போயிருக்காது. "எரியுது சிஸ்டர்" என்று அந்தப் பையன் கையை இழுத்துக்கொண்டான். இந்த மருந்து கொஞ்சம் எரியும்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனோ நிறுத்தினேன். திரும்பிப் போய் கிட்னி டிரேயில் கிடந்த காலி ஆம்பியூலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. முழுவதையும் வேகமாகத் தள்ளியிருந்தால் பையனின் இதயம் நின்றிருக்கும்.

புதிய கேனுலா போட்டேன். வேறு வயல் கரைத்துப் போட்டேன். விடியும்வரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். காலி ஆம்பியூலைப் பஞ்சில் சுற்றிக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் இன்னொரு சிஸ்டர் சின்ன விஷயத்துக்காக எல்லோர் முன்னாலும் அழ அழத் திட்டு வாங்கி, மெமோவோடு போனதைப் பார்த்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அதே வார்டு, அதே டிரே, என்னைவிட இளையவள் ஒருத்தி. அந்த நோயாளி நினைவில்லாமல் கிடந்தவர். எரிகிறது என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அப்புறம்தான் பொட்டாசியம் ஆம்பியூல்கள் தனி டப்பாவுக்குப் போயின. பிரிட்டனில் நோயாளிப் பாதுகாப்புக்கென ஏற்பட்ட தேசிய முகமை 2002இல் விடுத்த முதல் எச்சரிக்கையே அடர் பொட்டாசியத்தைப் பொது வார்டுகளிலிருந்து எடுத்துப் பூட்டி வையுங்கள் என்பதுதான் என்று பின்னால் படித்தபோது அந்த டிரே கண்ணில் நின்றது. நான் அன்று காலை ஹேண்டோவரில் வாயைத் திறந்திருந்தால் டிரே அன்றைக்கே மாறியிருக்கலாம். என் பொறுப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். ஆம்பியூலை மாற்றி எடுத்ததற்காக நான் என்னை மன்னித்துவிட்டேன்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தால், அந்த வார்டுகளில் நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மூடினார்கள். ஆகையால் "எங்கள் மருத்துவமனையில் இந்த வருடம் ஒரு மருந்துத் தவறும் இல்லை" என்று யாராவது பெருமை பேசினால் அந்த இடத்தில் நான் அட்மிட் ஆக மாட்டேன்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை உதாரணம். 2004இல் அங்கே ஒரு நோயாளிக்கு எக்ஸ்ரே சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினித் திரவம் ரத்தக்குழாயில் போய் இறந்தார். இரண்டும் நிறமில்லாதவை. நிர்வாகம் எங்கள் தவறு என்று பகிரங்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டது; அறையின் நடைமுறையையே மாற்றியது. குடும்பத்தின் துக்கம் அதனால் குறைந்திருக்காது. அடுத்த குடும்பம் தப்பியது.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாக. நர்ஸையும் டாக்டரையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2011இல் ஒரு குழந்தை இறந்த வழக்கில் 2015இல் ஒரு இளம் டாக்டரும் ஒரு ஏஜென்சி நர்ஸும் ஒரே குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள். டாக்டருக்காக மருத்துவர்கள் திரண்டு சட்டச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள். 2018 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டுக்குத் திரும்பியது. நர்ஸின் பெயர் 2016லேயே நீக்கப்பட்டிருந்தது. அவருக்காக அப்படி ஒரு கூட்டம் திரளவில்லை. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 வருடம் வரைதான். மருத்துவர் என்பதற்கு அங்கே கொடுத்திருக்கும் விளக்கத்தில் நர்ஸ் வரமாட்டார். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம், வாட் வழக்குக்குப் பிறகு, 2024இல் எல்லா மருத்துவப் பணியாளருக்கும் சேர்த்தே பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மிகையான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தவறுக்கும் மட்டும் விலக்கு இல்லை. அதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

ஆள் எண்ணிக்கையைச் சட்டமாக்க முடியாது, பணம் எங்கே என்பார்கள். கலிஃபோர்னியா 1999இலேயே சட்டமாக்கி 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016இல் பகலில் 4, இரவில் 7 என்று வைத்தது. அங்கே 2021இல் கணக்குப் பார்த்தபோது, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும் மறுபடி வந்து சேராததிலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

இனி தங்கைக்கு. மெமோவுக்குப் பதில் எழுதும்போது மன்னிப்புக் கடிதம் மாதிரி எழுத வேண்டாம், சண்டைக் கடிதம் மாதிரியும் வேண்டாம். மணி வாரியாக எழுதட்டும். எத்தனை மணிக்கு டியூட்டி ஏறினார், எத்தனை மணிக்கு யார் தொடரச் சொன்னார்கள், எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள், அந்த நேரத்தில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, இரண்டு வயலும் எங்கே இருந்தன, எப்போது கண்டுபிடித்தார், எப்போது யாரிடம் சொன்னார், அதன்பின் சர்க்கரை அளவு என்னென்ன வந்தது. "கவனக்குறைவாக" என்ற சொல்லை யார் வற்புறுத்தினாலும் எழுத வேண்டாம். "இன்சுலின் வயலை எடுத்துவிட்டேன்" என்பது போதும், அது உண்மை. கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அன்றைய ரோஸ்டரின் நகலை எழுத்து மூலம் கேட்கட்டும். நர்ஸ் சங்கத்தில் இருந்தால் இன்றே பேசட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடவே கூடாது.

அப்புறம், அவரைத் தனியாக விடாதீர்கள். ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000இல் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு "இரண்டாவது பலியாள்" என்று ஒரு பெயர் வைத்தார். பெயரில் எனக்கு முழு உடன்பாடில்லை, நோயாளியின் குடும்பத்துக்கு அது வலிக்கும். ஆனால் நிலைமை உண்மை. கண்ணை மூடினால் அந்த வயல் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் அந்த வியர்த்த முகம் தெரியும். "போனது போகட்டும், விடு" என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாலு தடவை சொன்னாலும் நாலு தடவையும் கேளுங்கள்.

என்கொயரியில் எல்லாக் கேள்வியும் முடிந்தபின் "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்பார்கள். அது சம்பிரதாயம். பெரும்பாலோர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். உங்கள் தங்கை எழ வேண்டாம். மரியாதையாக ஒன்று கேட்கட்டும்: "அந்த இன்சுலின் வயலும் ஹெப்பாரின் வயலும் இப்போது எந்த டிரேயில் இருக்கின்றன, மேடம்?" மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களில் ஒருவராவது எழுந்து வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை, மினிட்ஸில் அந்தக் கேள்வியைப் பதிவு செய்யும்படி சொல்லட்டும்.